ஜூன் 1 அன்று நான் கூப்பிடும் டீச்சர்

“தொடக்கப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஆசிரியரோடு இன்னும் பேசுகிறீர்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேசுகிறேன், வருஷம் தவறாமல் ஜூன் 1 அன்று. சான்றிதழ்ப்படி அன்றுதான் எனக்குப் பிறந்த நாள். அந்தத் தேதியை எனக்குக் கொடுத்தவரே அவர்தான்.

1983-இல் தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் என்னைச் சேர்க்க அம்மா கூட்டிப்போனாள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. அப்பா விடிவதற்குள் சைக்கிளில் இட்லி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா வீட்டில் கூலிக்கு முறுக்குச் சுற்றுவாள். அந்த எண்ணெய் வாசனைச் சேலையோடேயே வந்திருந்தாள்.

பிறந்த தேதி கேட்டார் டீச்சர். நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டிலேயே. யார் போய்ப் பதிவு செய்தார்கள்? டீச்சர் என் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். பள்ளி ஜூன் நடுவில் திறக்கும், அதற்குள் வயது நிறைய வேண்டும். 1.6.1977 என்று எழுதினார். எங்கள் வகுப்பில் மட்டும் எத்தனை பேருக்கு ஜூன் 1! மகாராஷ்டிரத்தில் என் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், இதே தேதியைச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

அடுத்தது ‘ஆட்நாவ்’. மராட்டியில் குடும்பப் பெயரை அப்படித்தான் சொல்வார்கள். நமக்கு அது கிடையாது. பல பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் சாதிப் பெயர் ஏறிவிடும். டீச்சர் பேனாவை நிறுத்தி, “இவன் தாத்தா பேரு என்னம்மா?” என்று கேட்டு அதை எழுதினார். இன்று என் மகளின் பெயருக்குப் பின்னாலும் அந்தத் தாத்தாதான் வருகிறார். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

நான்காம் வகுப்பு வரை அவரேதான் எங்களுக்கு எல்லாப் பாடமும். பிறகு வேறு பள்ளி, வேலை என்று தொடர்பு விட்டுப்போனது.

2005 ஜூலை 26. மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எங்கள் ரூமில் இடுப்பளவு தண்ணீர். தகரப் பெட்டியில் இருந்த லீவிங் சர்டிபிகேட், அதாவது பள்ளியை விடும்போது கொடுக்கும் சான்றிதழ், கூழாகிவிட்டது. வெளிநாட்டு வேலைக்காகப் பாஸ்போர்ட் எடுக்க இருந்த நேரம். பழைய பள்ளிக்கு ஓடினேன். டீச்சர் அங்கேயேதான் இருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். நான் பெயரைச் சொல்வதற்குள், “முறுக்கம்மா மவன்தானல நீ?” என்றார்.

இரண்டு நாள், வகுப்பு முடிந்த பிறகு, என்னோடு உட்கார்ந்து, பிள்ளைகளைச் சேர்க்கும்போது எழுதும் பழைய ஜெனரல் ரிஜிஸ்டர்களைப் புரட்டினார். ஓரம் செல்லரித்த பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே என் பெயர் கிடைத்தது. நகல் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அவர் காலில் விழுந்தேன். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று தோன்றவே இல்லை.

இப்போது ஓய்வு பெற்று, மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் இருக்கிறார். ஜூன் 1 காலையில் அவர் போன் எப்போதும் ‘பிஸி’. ஆசிரியர் தினத்தன்றுகூட இத்தனை பேர் கூப்பிடுவதில்லையாம். எல்லாரும் அவர் தேதி போட்ட பிள்ளைகள்! ஒருவன் ரிக்‌ஷா ஓட்டுகிறான், ஒருத்தி நர்ஸ். யார் யாருக்கு என்ன உடம்பு, எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் எங்களுக்கே தெரிகிறது.

அம்மா போன வருஷம் இறந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். இந்த ஜூன் 1 கூப்பிட்டபோது, “என் நிஜப் பிறந்த நாள் என்னன்னு அம்மாகிட்ட கேக்காமலே விட்டுட்டேன் டீச்சர்” என்றேன். குரல் அடைத்துவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அன்னைக்கு உங்க அம்மா எங்கிட்ட சொன்னாளேல. ‘இந்திரா காந்தி தோத்த வருசம், ஆடியில கோயில் கொடை முடிஞ்சு மூணாம் நாளு, சாயங்காலம் வெளக்கு ஏத்துற நேரம்’னா. அந்தப் பத்தியில அவ்வளவும் எழுத எடமில்ல. எனக்கு ஞாபகம் இருக்கு.”

பிறகு, “ஆடியிலயும் ஒருக்கா கூப்பிடுல” என்றார்.