விலைவாசி ஏறும்போது கட்டணத்தைக் கூட்டாமல் பல்கலைக்கழகத்தைத் தரமாக நடத்த முடியுமா?

முடியும். முடிந்தாக வேண்டும். ரப்பர் விலை விழுந்தால் குமரி மாவட்டக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வீடுகளில் பிள்ளையின் செமஸ்டர் ஃபீஸே முதலில் தடுமாறும்.

பணம் எங்கிருந்து வருகிறது? குமரி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம், கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் ஆகியவை முக்கிய வருமானம். சம்பளமும் ஓய்வூதியமும் பெரிய செலவு. விலைவாசியோடு மானியம் ஏறாவிட்டால் பற்றாக்குறை மாணவர் தலையில் விழும், இல்லையென்றால் ஆசிரியர் பணியிடங்கள் காலியாகவே கிடக்கும். இரண்டாவதுதான் மோசம் என்பேன். கட்டண உயர்வு உடனே தெரிந்துவிடும், போராடலாம். காலிப் பணியிடம் வெளியே தெரியாது. தற்காலிகமான கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டினால் ஆராய்ச்சி படுத்துவிடும், அப்புறம் ஆராய்ச்சி நிதியும் வராது.

அதனால் கட்டடம், விழாச் செலவை ஒத்திப்போடலாம். ஆசிரியர் நியமனத்தை ஒத்திப்போடக் கூடாது. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் அங்கீகரித்த பணியிடங்களுக்கு அரசே சம்பளம் தருகிறது. அவற்றை நிரப்பினால், கட்டணம் கூடுதலான சுயநிதிப் பிரிவுக்குப் பிள்ளைகள் தள்ளப்படுவது குறையும்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கட்டணம் ஏறினால் அதுவும் அதிலேயே கரைந்துபோகும்.