கேளுங்கள், சொல்கிறேன்: ஒற்றைக்கம்பி லைனும் காட்டுத்தீயும்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பெண்டிகோ நகருக்கு வெளியே பண்ணை நிலம் வாங்கியிருக்கிறோம். கரன்ட் ஒரே ஒரு கம்பியில்தான் வருகிறது. "காட்டுக்குத் தீ வைப்பதே இதுதான்" என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். மிகைப்படுத்துகிறாரா?
— ஒரு வாசகி

பதில்: கொஞ்சம்தான் அம்மா. 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனிக்கிழமை. உங்கள் மாநிலத்தில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அன்று மூண்ட 11 பெரிய தீக்களில் 5, மின்சாரக் கோளாறால் வந்தவை என்றது, அதை விசாரிக்க அரசு அமைத்த ராயல் கமிஷன். அவற்றில் 119 பேரைக் கொன்ற கில்மோர் ஈஸ்ட் தீ, இதே மாதிரி ஒற்றைக்கம்பி லைனில் பிறந்தது.

லைன் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். எத்தனை பெரிய தீ, எத்தனை சின்ன காரணம் என்பதுதான் இன்றும் ஆறவில்லை. கம்பியைக் கம்பத்தோடு பிணைக்கும் சுருள் பிடி, தன் வளையத்தில் சரியாக உட்காரவில்லை. காற்றில் ஆடும்போதெல்லாம் கம்பியின் இழைகள் ஒரே இடத்தில் வளைந்து நிமிர்ந்து நைந்துபோயின. கடைசியில் கம்பி அறுந்து, கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் பட்டது. பொறி பறந்து காய்ந்த புல் பற்றிக்கொண்டது. அன்று மெல்பர்னிலேயே 46.4 டிகிரி வெயில். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர்! கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணில் அந்தப் பிடியின் கோளாறு எளிதில் படாது. 'பரிசோதனை முடிந்தது' என்ற காகிதத்தை நான் முழுசாக நம்புவதில்லை.

ரீகுளோசர் சமாசாரம் வேறு. கிளை உரசினாலோ பறவை மோதினாலோ லைன் டிரிப் ஆகும், அதாவது கரன்ட் தானாக நின்றுவிடும். சில நொடிகளில் இந்தக் கருவி தானே கரன்ட்டைத் திரும்பக் கொடுக்கும். மற்ற நாட்களில் புண்ணியம். அனல்காற்று நாளில், புல்லில் கிடக்கும் கம்பிக்கும் அதே கடமையுணர்ச்சியோடு கரன்ட் கொடுக்கும். தீ அபாயம் உச்சத்தில் உள்ள 6 வாரங்களுக்கு ஒற்றைக்கம்பி லைன்களில் இதை நிறுத்திவைக்கச் சொன்னது கமிஷன்.

ஒன்று கவனியுங்கள். உங்கள் நிலத்துக்குள் ஓடும் தனியார் கம்பியும் கம்பமும் உங்கள் பொறுப்பு. மரம் தொட்டால் உரிமம் உள்ளவரை வைத்து வெட்டுங்கள். வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: எல்லாக் கம்பியையும் மண்ணுக்கடியில் புதைத்துவிட்டால் என்ன?
— இன்னொரு வாசகர்

பதில்: நல்ல யோசனைதான், காசு யார் தருவது? ஆளில்லாக் காட்டில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தோண்டுவது? அதனால் விக்டோரியா, அபாயம் மிகுந்த இடங்களில் மட்டும் புதைக்கிறது, அல்லது உறை போட்ட கம்பி இழுக்கிறது. மூன்று கம்பி லைன்களுக்கு, துணைமின் நிலையங்களில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள்: ஒரு கம்பி தரையில் விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் மின்னழுத்தத்தைச் சரித்துவிடும், பொறிக்கு வலு இருக்காது. ஒற்றைக்கம்பி லைனில் மண்ணே மின்சாரம் திரும்பும் பாதை என்பதால், அங்கே இது வேலைக்காகாது. அங்கெல்லாம், தீ நாட்களில் தூரத்திலிருந்தே மாற்றியமைக்கக்கூடிய புது ரீகுளோசர்கள் வந்திருக்கின்றன.