பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கற கல்லறைங்க – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கருவேலங்காட்டுக்குள்ள பழைய வெள்ளைக்காரங்க கல்லறை கொஞ்சம் கிடக்கு. இப்ப பாதி இடத்துல கடை வந்துருச்சு, கல்லையும் துணி துவைக்கத் தூக்கிட்டுப் போறாங்க. அதோட வரலாற்றை எழுதணும்னு ஆசை. எழுத்தெல்லாம் தேய்ஞ்சு போச்சு, சர்ச்ல கேட்டா தெரியாதுங்கறாங்க. எங்க ஆரம்பிக்கறது? வெள்ளைக்காரன் சமாதியப் பத்தி உனக்கென்னடான்னு அப்பா வேற கேக்கறார்.

– ஆர்.

அன்புள்ள தம்பி,

முதல்ல அந்த நிலத்தோட பேப்பரைத் தேடுங்க, கல்லு அப்புறம். ஒருத்தரைப் புதைச்சா ரிஜிஸ்டர்ல ஒரு வரி விழும், அவ்வளவுதான், ஆனா அந்த இடம் வேற யாருக்காவது தேவைப்பட்டுச்சுன்னா மனு, சர்வே, ஆர்டர், கேஸுன்னு கட்டு கட்டா பேப்பர் சேரும். காணாமப் போன கல்லறையோட கதை பெரும்பாலும் அந்தக் கட்டுக்குள்ளதான் இருக்கு.

சென்னையையே பாருங்க. ஹைகோர்ட்டை ஒட்டி பழைய சட்டக் கல்லூரி வளாகத்துல உயரமா ஒரு கல்லறைக் கூம்பு நிக்குது. ஜோசப் ஹின்மர்ஸ்னு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருத்தர், 1680-ல செத்தவர், அவரும் எலிஹு யேலோட சின்னப் பையன் டேவிட்டும் அங்க புதைக்கப்பட்டிருக்காங்க. யேல்னா யேல் யுனிவர்சிட்டிக்குப் பேரு கொடுத்தவரேதான், இங்க கவர்னரா இருந்தவர், ஹின்மர்ஸ் செத்த அதே வருஷம் அவரோட மனைவியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அந்தக் கூம்பு முதல்ல தனியா நிக்கல, அதைச் சுத்தி செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்காரங்களோட மொத்தக் கல்லறைத் தோட்டமும் இருந்துச்சு, கொய்யாத் தோட்டம்னு பேரு. 1758 டிசம்பர்ல பிரெஞ்சுப் படை வந்து கோட்டையை முற்றுகை போட்டப்ப அந்தப் பெரிய பெரிய சமாதிங்க அவங்களுக்கு மறைவா நின்னு சுட வசதியாப் போச்சு. முற்றுகை முடிஞ்சதும் இனி இது ஆபத்துன்னு எல்லாத்தையும் இடிச்சுட்டு, கல்லை மட்டும் கொண்டுபோய் கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ் சர்ச்சைச் சுத்தித் தரையில பதிச்சாங்க. ஹைதர் அலி யுத்தத்தப்ப அதையும் பெயர்த்து பீரங்கி நிறுத்த எடுத்தாங்க.

இன்னிக்கும் நீங்க போய்ப் பாக்கலாம். இங்கிலீஷ், லத்தீன், போர்ச்சுகீஸ், அர்மீனியன்னு பலகை பலகையா தரையில கிடக்கு, 1652-ல செத்த எலிசபெத் பேக்கரோட கல்லும் அங்கதான். ஆனா ஒரு பலகைக்குக் கீழயும் அந்தந்த ஆளு இல்ல. கல்லு இருக்கற இடத்துலதான் உடம்பும் இருக்கும்னு எடுத்துக்காதீங்கன்னு இதனாலதான் சொல்றேன், உங்க ஊர்லயும் நகர்ந்திருக்கலாம்.

2023-ல அந்தக் கூம்பை வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி ஹைகோர்ட்லயே ஒரு தனி நீதிபதி ஆர்டர் போட்டார், மல்டி லெவல் பார்க்கிங் கட்ட அது தடையா இருக்குன்னு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் வரைக்கும் புதுசா எதுவும் கட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கறதால வந்த பிரச்சனை. எனக்கு அந்த ஆர்டர் வருத்தம்தான். ஆனா ஆராய்ச்சி பண்றவனுக்கு அந்த கேஸ் பேப்பரும் ஒரு ஆவணம்.

அதனால விஏஓ ஆபீஸ்ல அ-பதிவேடு பாருங்க, ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு அதுலதான் இருக்கும், டவுனுக்குள்ள இருந்தா டவுன் சர்வே ரிஜிஸ்டர். அந்த சர்வே நம்பருக்கு இடுகாடுன்னு போட்டிருக்கா, சர்க்கார் புறம்போக்கா, எப்பவாவது வகைப்பாடு மாறியிருக்கான்னு பாருங்க, மாறியிருந்தா அந்த வருஷத்தைப் பிடிச்சுக்கிட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்க. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-ல மெட்ராஸ் மாகாணக் கல்லறை வாசகங்களை மாவட்ட வாரியா தொகுத்திருக்கார், இன்டர்நெட்லயே ஸ்கேன் கிடைக்குது. ஆனா வரலாற்று முக்கியத்துவம் இருக்குன்னு தோணினதை மட்டும்தான் அவர் எடுத்துக்கிட்டார், அதனால அதுல பேரு இல்லைன்னா அந்த ஆளு அங்க புதைக்கப்படலைன்னு அர்த்தமில்ல. சாதா சிப்பாய், பிரசவத்துல செத்த பொண்ணு, பத்து நாள் குழந்தை, இவங்கள்லாம் சர்ச் ரிஜிஸ்டர்லதான் இருப்பாங்க, அதோட காப்பி வருஷா வருஷம் லண்டனுக்குப் போச்சு, மெட்ராஸுக்கு 1698-லேர்ந்து பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. உங்க ஊர் சர்ச்ல இல்லைன்னு சொல்றதோட விட்டுடாதீங்க.

கல்லை கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, ஆசிட் வேண்டவே வேண்டாம், மிச்சம் இருக்கற எழுத்தும் போயிடும். காலைல ஏழு மணி வெயில் சாய்வா விழறப்ப பக்கவாட்டுல நின்னு போட்டோ எடுங்க, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட நிழல்ல எழுந்து வரும். தேதியையெல்லாம் வரிசையா எழுதுங்க, ஒரே மாசத்துல நாலஞ்சு சாவு இருந்தா காலராவா, ரெஜிமென்ட் ஏதாவது முகாம் போட்டிருந்துச்சான்னு, வெள்ளைக்காரன் காலத்துல மாவட்டத்தைப் பத்தி எழுதி வச்ச மாவட்ட மேனுவல்ல தேடுங்க. பக்கத்துல இருக்கற பெரியவங்க அந்த இடத்தை என்ன பேரு சொல்லிக் கூப்பிடறாங்கன்னும் கேளுங்க, துரை சமாதியா, கோரித் தோட்டமா, கல்லறை மேடா, பழைய ஃபைல்ல அந்தப் பேருலயே இருக்க வாய்ப்புண்டு.

அப்பா கேட்டதுக்கு வர்றேன். உங்க ஊருக்கு ஏன் பட்டாளம் வந்துச்சு, அது போனப்புறம் அந்த நிலம் யார் கைக்குப் போச்சு, கடை போட யாருக்கு அனுமதி கிடைச்சுச்சு, இதெல்லாம் உங்க ஊர் வரலாறு சார், வெள்ளைக்காரனோடது மட்டும் இல்ல. அதே மாதிரி பட்டாளத்தோட வந்த நம்மாளுங்க, சமையக்காரர், குதிரைக்காரர், ஆயா, அவங்க எங்க புதைக்கப்பட்டாங்கன்னு ஒரு கேள்வியையும் நோட்டுல மேல எழுதி வச்சுக்கோங்க. அவங்களுக்குக் கல்லு வச்சிருக்க மாட்டாங்க, ஆனா பக்கத்து சர்வே நம்பர் இன்னொரு இடுகாடா இருக்கான்னு பாக்கலாம். எனக்கு அந்தப் பக்கத்து நம்பர் மேலதான் ஆர்வம் ஜாஸ்தி, அ-பதிவேடு நகல் கிடைச்சதும் அனுப்புங்க.

அன்புடன்