தவணையில் கிடைக்காத சனிக்கிழமை

கேள்வி: நான் ஈரோட்டில் தனியார் பள்ளி ஆசிரியை; வயது 41. கணவர் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். இரண்டு பிள்ளைகள், மாமியார் என வீட்டில் ஐந்து பேர். எங்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் 86,000 ரூபாய் கைக்கு வருகிறது. அதில் 5,000 ரூபாய், கணவர் சனிக்கிழமைகளில் ஓவர்டைம் பார்ப்பதால் வருவது. முன்பெல்லாம் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுடன் காவிரிக் கரைக்கோ நூலகத்துக்கோ போவோம். இப்போது அது நின்றுவிட்டது. வாழ்க்கையை எளிமையாக்கிக்கொள்ளலாம் என்று, கிருஷ்ணகிரி பக்கம் பராமரிப்புடன் விற்கப்படும் பண்ணை நிலத்தில் பத்து சென்ட் பார்த்திருக்கிறோம். விலை 14 லட்சம். மாமரங்களை அவர்களே வளர்த்து மாதம் 8,000 ரூபாய் வருமானம் தருவார்களாம். பராமரிப்புக் கட்டணம் மாதம் 2,000. முன்பணத்துக்காக ஒரு லட்சம் சேர்த்துவைத்திருக்கிறோம், இன்னும் கொடுக்கவில்லை. மீதிக்கு வீட்டுக் கடனின் மேல் டாப்-அப் கடன் வாங்கலாமா? தவணைகளின் பட்டியலை இணைத்துள்ளேன்.

பதில்: காப்பீடு, அவசரகால நிதி, வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. இவ்வளவு ஒழுங்காகப் பட்டியலிட்டு அனுப்பிய ஒருவருக்கு அவையெல்லாம் தெரிந்திருக்கும். அந்தப் பட்டியலைத்தான் நான் நிலத்தின் விளம்பரத்தைவிடக் கவனமாகப் படித்தேன்.

வீட்டுக் கடன் 24,500 ரூபாயைத் தனியே விட்டுவிடுவோம். அது போக எட்டுத் தவணைகள்: ஸ்கூட்டர் 4,200, ஃப்ரிட்ஜ் 3,150, கைப்பேசி 2,900, ஏசி 3,400, டிரெட்மில் 2,250, மகளின் டேப்லெட் 1,700, கடந்த ஆண்டு போய்வந்த சுற்றுலா 6,800, நாத்தனார் மகளுக்குச் செய்த தாய்மாமன் சீருக்காக வாங்கிய தனிநபர் கடன் 8,600. கூட்டினால் 33,000 ரூபாய். வீட்டுக் கடனோடு சேர்த்து 57,500. இதற்கு மேல் கடன் அட்டையில் 60,000 ரூபாய் நிலுவை இருப்பதாகவும், மாதம் குறைந்தபட்சத் தொகையாக 3,000 ரூபாய் மட்டும் கட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எஞ்சுவது 25,500. பள்ளிக் கட்டணம் உட்பட உங்கள் வீட்டுச் செலவு 29,500. குறையும் 4,000 ரூபாய்க்கு மீண்டும் அதே அட்டையைத் தேய்க்கிறீர்கள்.

இதில் எந்தப் பொருளும் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்; டிரெட்மில்லைப் பற்றி மட்டும், காவிரிக் கரையில் நடந்துகொண்டிருந்த குடும்பம் நடப்பதற்கென்று மாதம் 2,250 ரூபாய் கட்டத் தொடங்கியது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. உங்களைக் கெடுப்பது பொருள்கள் அல்ல. எந்தச் செலவு வந்தாலும் அதன் விலையைக் கேட்காமல் ‘மாதம் எவ்வளவு’ என்று கேட்கும் பழக்கம்தான். 37,800 ரூபாய் என்றால் யோசித்திருப்பீர்கள். 3,150 என்றதும் ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை வட்டியில்லாத் தவணை என்று நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். ஆனால் ரொக்கமாகக் கொடுத்தால் 35,500க்குத் தருவதாகக் கடைக்காரர் சொன்னதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த 2,300 ரூபாய் தள்ளுபடியை இழந்ததுதான் உங்கள் வட்டி. கடன் மாதாமாதம் குறைந்துவருவதைக் கணக்கில் கொண்டால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 12 சதவீதம் ஆகிறது; செயலாக்கக் கட்டணத்தையும் அதன் மேல் வரியையும் சேர்த்தால் இன்னும் கூடும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. பெயர் மட்டும் மாறி, அந்த வியாபாரம் இன்றும் செழிப்பாக நடக்கிறது.

கடன் அட்டை இதைவிட மோசம். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 60,000க்கு 2,100 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 378 ரூபாய். நீங்கள் கட்டும் 3,000 ரூபாயில் அசலுக்குப் போவது ஐந்நூறைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அடுத்த வாரமே அதில் 4,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறீர்கள். நிலுவையை முழுமையாகக் கட்டாதவர்களுக்கு வட்டியில்லா நாள்கள் கிடையாது என்பதால் அந்த 4,000 ரூபாய்க்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது.

இனிப் பண்ணை நிலம். முன்பணம் போக 13 லட்சம். பத்திரப் பதிவுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 1,26,000 ரூபாய். ஆகவே கடன் 14 லட்சத்தைத் தாண்டும். ஒன்பதரை சதவீத வட்டியில் பதினைந்து ஆண்டு என்று வைத்தாலும் மாதத் தவணை சுமார் 14,900. மொத்தத்தில் 26 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்தால், மாதம் 4,000 ரூபாய் பற்றாக்குறையில் இருக்கும் வீட்டின் மேல் இன்னுமொரு 16,900 ரூபாய் ஏறும்.

மாம்பழ வருமானம் ஈடுகட்டுமே என்பீர்கள். பத்து சென்ட் என்பது ஏறத்தாழ 405 சதுர மீட்டர். வழக்கமான பத்து மீட்டர் இடைவெளியில் அதில் நான்கு மாமரங்கள் நிற்கும். மாதம் 8,000 என்றால் ஆண்டுக்கு 96,000. ஒரு மரம் ஆண்டுக்கு 24,000 ரூபாய் சம்பாதித்துத் தர வேண்டும். நெருக்கமாக நட்டு மரங்களைப் பதினாறாக்கினாலும் மரத்துக்கு 6,000, அதுவும் மரங்கள் காய்ப்புக்கு வந்த பிறகு. பரம்பரையாக மாந்தோப்பு வைத்திருக்கும் கிருஷ்ணகிரி விவசாயிகளே 2025இல் மாங்காய்க்கு விலை கிடைக்கவில்லை என்று போராட வேண்டியிருந்தது.

அப்படியானால் அந்த 8,000 எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டாமா? பலரிடம் பணம் திரட்டி, நிர்வாகத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, வருமானம் தருவதாகச் சொல்லும் ஏற்பாடு கூட்டு முதலீட்டுத் திட்டமாகக் கருதப்படக்கூடும். அப்படியானால் அதற்குப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பதிவு வேண்டும். விவசாய நிலத்தைக் காட்டி மக்களிடம் திரட்டிய ஏறத்தாழ 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு பி.ஏ.சி.எல். நிறுவனத்துக்கு 2014இல் செபி உத்தரவிட்டது. உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் பெருந்துறையில் 2012இல் ஈமுக் கோழிக்குப் பணம் போட்டு ஏமாந்தவர்களைக் கேட்டாலே போதும். நீங்கள் பார்த்த நிலத்தை விற்பவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். இருந்தாலும், போகவர 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் ஓரிடத்துக்குச் சனிக்கிழமை போய் ஓய்வெடுப்பதற்காக, அந்தச் சனிக்கிழமையையும் வேலைக்குக் கொடுத்துத் தவணை கட்டப்போகிறீர்கள்.

உங்களுக்கு வேண்டியது அந்த மாலைப் பொழுது. அதை மீட்பதற்கு நிலம் தேவையில்லை, நான்கு மாதம் போதும். முன்பணத்துக்குச் சேர்த்த ஒரு லட்சத்தில் 60,000 ரூபாயை அட்டை நிலுவைக்குக் கட்டிவிட்டு, மீதி 40,000 ரூபாயைத் தொடாமல் வங்கியில் வையுங்கள். உடனே மாதம் 3,000 மிச்சமாகும். உங்கள் பட்டியலின்படி இரண்டு மாதத்தில் டேப்லெட் தவணை முடிகிறது. இரண்டும் சேர்ந்த 4,700 ரூபாய் உங்கள் பற்றாக்குறையை அடைத்துவிடும். அதுவரை உள்ள இரண்டு மாதங்களை அந்த 40,000 ரூபாயிலிருந்து சிறிது எடுத்துச் சமாளியுங்கள். அட்டையைத் தொட வேண்டாம். மூன்றாம் மாதம் கைப்பேசியும் நான்காம் மாதம் டிரெட்மில்லும் முடியும்போது 5,150 ரூபாய் விடுபடும். கணவரின் ஓவர்டைம் வருமானம் 5,000. ஐந்தாம் மாதத்திலிருந்து அவர் சனிக்கிழமை வீட்டிலிருக்கலாம்.

அதன் பின் சுற்றுலா, ஃப்ரிட்ஜ், ஏசி என்று எட்டு மாதத்துக்குள் முடியும் மூன்றிலும் 13,350 ரூபாய் விடுபடும். இது எல்லாமே ஒரு நிபந்தனையில் நிற்கிறது: இடையில் புதிய தவணை ஒன்றுகூடச் சேரக் கூடாது. முடிந்த தவணையின் இடத்தைப் புதிய தவணையால் நிரப்பிக்கொண்டதுதான் கடந்த மூன்று ஆண்டுகளின் கதை. இனி ஒரு பொருள் வேண்டுமென்றால் அதற்கான மாதத் தொகையை முதலில் வங்கியின் தொடர் வைப்பில் கட்டுங்கள். முதிர்ந்ததும் கடைக்கு ரொக்கத்துடன் போங்கள். பாதி ஆசைகள் ஆறாவது மாதத்திலேயே மறந்துபோகும் என்பது என் அனுபவம்.

தாய்மாமன் சீருக்கு வாங்கிய கடன் இன்னும் 26 மாதம் ஓடும். அதை ஒன்றும் செய்வதற்கில்லை. நாத்தனாருக்கு இன்னொரு மகளும் இருப்பதாக எழுதியிருப்பதால் மட்டும் ஒன்று சொல்கிறேன். அடுத்த விசேஷத்துக்கு உங்களால் கடனின்றி எவ்வளவு செய்ய முடியும் என்பதை உங்கள் கணவர் தம் தங்கையிடம் இப்போதே, விசேஷப் பேச்சு எழும் முன்பே சொல்லிவிட வேண்டும். அதை நீங்கள் சொன்னால் வேறு அர்த்தம் வந்துவிடும்.

வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் பவானி கூடுதுறையும் உங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரிலேயே போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. மாமியாரையும் அழைத்துப் போவதென்றால் பேருந்து இருக்கிறது. நிலத்துக்காரர்களிடம் இந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சலுகை விலை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்பார்கள், முடியட்டும். அட்டை நிலுவையைக் கட்ட மட்டும் ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள்.