வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக் கராஜுக்கு வாகனம் தூக்கும் எந்த லிப்ற்?

கேள்வி: வீட்டோடு ஒட்டிய கராஜ் 12 அடி அகலம், 20 அடி நீளம். தகரக் கூரை, வளை நிலத்திலிருந்து 10 அடி. ஒரு வாகன் ஆரும் மாமா தந்த மொறிஸ் மைனரும் நிற்கின்றன. ஜக் வைத்துக் கீழே படுத்து வேலை செய்து அலுத்துவிட்டது. இரண்டு தூண் லிப்ற் பூட்டலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் வளை விடாது. வாகன் ஆரின் உயரம் ஏறக்குறைய 5 அடி 5 அங்குலம். கீழே நிமிர்ந்து நிற்க 6 அடியாவது தூக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 11½ அடி வருகிறது, உங்களிடம் இருப்பது 10. மேலே அரை அடி இடைவெளி விட்டால் 4 அடிக்கு மேல் தூக்க முடியாது. அகலமும் இடிக்கிறது. சாதாரண இரண்டு தூண் லிப்ற்றின் வெளி அகலம் 11 அடியைத் தாண்டும். தூண்கள் இரு பக்கச் சுவரோடும் ஒட்டி நிற்கும், கதவைத் திறந்து இறங்கவே இடம் இருக்காது.

4 அடி போதும் என்றால், வாகனத்துக்கடியில் கத்தரிபோல மடிந்து விரியும் கத்தரி லிப்ற்றைப் பாருங்கள். 2½ முதல் 3 தொன் வரை தூக்குவது தாராளம். வாகன் ஆர் 800 கிலோவுக்குக் கிட்ட, மைனரும் அவ்வளவுதான். ரயர், பிறேக், சொக் அப்சோபர், ஒயில் மாற்றுவது எல்லாவற்றையும் ஸ்டூலில் இருந்தபடி செய்யலாம். அதன் குறை ஒன்றுதான்: கத்தரி மடிப்பு வாகனத்தின் நடுவயிற்றை மறைத்துவிடும். வாகன் ஆருக்கு இது பெரிய தொந்தரவில்லை, எஞ்சினும் கியர் பொக்ஸும் முன்னாலேயே இருக்கின்றன. மைனரின் புறொப்பெல்லர் சாஃப்ற்றும் சைலன்சர் குழாயும் அந்த நடுவில்தான் ஓடுகின்றன. மைனரைக் கழற்றிப் பூட்டுவதுதான் உங்கள் எண்ணம் என்றால், இரு பக்கமும் தனித்தனியாக வைக்கும் சட்ட லிப்ற் நல்லது. அது 2 அடிக்குக் கிட்டத்தான் தூக்கும், சில்லுப் பலகையில் படுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் நடு முழுவதும் வெளிக்கும், வேலை முடிந்ததும் சுவரோரம் சாத்திவிடலாம்.

மைனரைத் தூக்குமுன் ஒரு வேலை இருக்கிறது. அதற்குத் தனிச் சேசி கிடையாது, உடல்தான் சேசி. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தை ஸ்குறூ டிறைவரின் பிடியால் ஓரடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு போங்கள். கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. சொத சொதவென்று கேட்டாலோ உள்ளே துருத்தூள் உதிர்ந்தாலோ அங்கே பட் (லிப்ற்றில் வாகனம் அமரும் தாங்கி) வைக்க வேண்டாம். முதல் தடவை ஓரடி மட்டும் தூக்கி, கதவின் பின்மேல் மூலையில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தூக்க முன் இருந்ததைவிட அது ஒடுங்கியோ அகன்றோ இருந்தால் உடல் வளைகிறது, இறக்கிவிடுங்கள். ஒட்டுவேலை முடியும்வரை அந்தக் காரை லிப்ற்றில் ஏற்றவே கூடாது.

வாகன் ஆருக்குச் சட்ட விளிம்பில் ஜக் வைக்க அடையாளமாக இரண்டு வெட்டுகள் இருக்கும். பட் அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். விளிம்பு நசியாமல் இருக்க, நடுவில் காடி வெட்டிய றப்பர் பட் வாங்குங்கள். உயரம் போதாவிட்டால் பாலைக் கட்டை வைக்கலாம். சீமெந்துக் கல்லை எந்தக் காரணத்துக்கும் வைக்காதீர்கள். அது வளைந்து எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

கேள்வி: எங்கள் கொட்டில் 14 அடி உயரம், 16 அடி அகலம். இரண்டு தூண் 4 தொன் லிப்ற் பூட்டப்போகிறோம். பழைய சீமெந்துத் தரைமேலேயே போல்ற் அடிக்கலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: முதலில் தரையின் தடிப்பு தெரிய வேண்டும். ஒரு மூலையில் 12 மில்லிமீற்றர் துளை போட்டு, நுனி வளைத்த கம்பியை விட்டு அடி விளிம்பில் கொளுவி அளவுங்கள். வீட்டுத் தரைகள் பெரும்பாலும் 3 அங்குலம்தான். வெறும் வாகனத்தை நிறுத்த அது போதும், தூணைப் பிடிக்காது. வாகனத்தைத் தாங்கும் லிப்ற்றின் கைகள் உள்நோக்கி நீண்டிருப்பதால் பாரம் ஏறியதும் தூண் உள்ளே சாயப் பார்க்கும். அப்போது வெளிப்பக்கத்துப் போல்ற்றுகள்தான் மேலே இழுபடும். மெல்லிய தரை அந்த இடத்தில் ஓடுபோலக் கிளம்பும்.

லிப்ற்றின் கையேடு கேட்கும் தடிப்பு இல்லாவிட்டால் இரண்டு தூணுக்கும் பொதுவாக 13 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி ஆழத்தில் வெட்டி ஒரே கட்டாகப் போடுங்கள். தனித்தனிக் குழியாகப் போட்டால் ஒன்று மட்டும் இறங்கக்கூடும். 12 மில்லிமீற்றர் கம்பி, 6 அங்குலத்துக்கு ஒன்றாக இரு வாட்டிலும். சீமெந்து, மணல், கல் கலவை 1:1½:3. இந்த அளவுக்கு 50 கிலோச் சீமெந்து ஏறக்குறைய 12 பை போகும். தண்ணீரைக் கூட்டிக் கூழாக்கினால் மேசனுக்குச் சுகம், உங்களுக்கு நட்டம். 7 நாள் ஈரச்சாக்கு போடுங்கள், 28 நாள் கழியாமல் துளை போட விடாதீர்கள்.

வெட்டும்போது வெள்ளைக்கல் தட்டுப்பட்டால் உடனே மகிழ வேண்டாம். நம் மண்ணின் சுண்ணாம்புக்கல்லில் பொந்துகள் உண்டு. அலவாங்கால் ஊன்றி இடித்துப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தை உடைத்து நிரப்பிய பிறகே கம்பி கட்டுங்கள்.

போல்ற் துளையை ஊதித் தூசை முழுதாக எடுங்கள். தூசு கிடந்தால் போல்ற் பிடிக்காமல் சுற்றும். விளிம்பிலிருந்தும் வெடிப்பிலிருந்தும் 6 அங்குலமாவது தள்ளி அடியுங்கள். கையேட்டில் சொன்ன இறுக்கத்தை ரோர்க் ஸ்பனரால் கொடுங்கள், ஒரு கிழமை பாவித்த பின் திரும்பப் பாருங்கள். ஒரு போல்ற் இறுகாமல் சுற்றிக்கொண்டே போனால் அங்கே கொங்கிறீற் தோற்றுவிட்டது. மற்றவை பிடிக்கும் என்று நம்பி வாகனத்தை ஏற்றாதீர்கள்.

கேள்வி: லிப்ற்றை விட, வாகனத்துக்கடியில் இறங்கி நின்று வேலை செய்யக் கிடங்கு வெட்டுவது மலிவுதானே?
– வாசகி, அரியாலை

பதில்: மலிவுதான். மார்கழியில் உங்கள் கிணற்று நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள், கிடங்கிலும் அதே மட்டம்தான். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கிடங்கின் அடியில் தங்கும்; ஒரு மின்குமிழ் உடைந்தாலே போதும். சிந்திய ஒயில் கல்லிடுக்கால் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, வளவுக்குள் கிடங்கு வெட்டச் சொல்ல எங்களுக்கு மனம் வராது.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா ஒரு லிப்ற் அனுப்புவதாகச் சொல்கிறார். இங்கே வேலை செய்யுமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: இரும்பு வேலை செய்யும், மோட்டர்தான் சந்தேகம். அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ். 60க்குச் செய்த மோட்டர் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றி, கூடக் கரண்ட் இழுத்துச் சூடாகும். 50 ஹேர்ட்ஸ் மோட்டர் பூட்டிய பம்ப் தொகுதியாகத் தரச் சொல்லி, அனுப்புமுன் மோட்டரில் உள்ள தகட்டைப் படம் எடுத்துக் கேளுங்கள்.

2.2 கிலோவாற் ஒற்றைப் பேஸ் மோட்டர் ஓடும்போது 15, 16 அம்பியர் இழுக்கும், தொடங்கும் நொடியில் அதன் பல மடங்கு. வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால் கிணற்று மோட்டரை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். தனியாக 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும் சி வகை 20 அம்பியர் பிறேக்கரும் போடுங்கள். மின்னழுத்தம் குறைந்த பொழுதில் மோட்டர் சுற்றாமல் உறுமினால் உடனே கையை எடுங்கள், இல்லாவிட்டால் கப்பாசிற்றர் எரியும்.

இன்னொன்று: தூக்கிய உயரத்தில் பிடித்து வைக்கும் பாதுகாப்புப் பூட்டில் உட்கார்ந்த லிப்ற்றை இறக்க, முதலில் ஓரிரு அங்குலம் உயர்த்தித்தான் பூட்டை விடுவிக்கலாம். கரண்ட் போனால் வாகனம் மேலேயே நிற்கும். கைப்பம்ப் உள்ள தொகுதியா என்று அண்ணாவிடம் கேளுங்கள்.

கேள்வி: பாவித்த லிப்ற் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், காரைநகர்

பதில்: உங்கள் பக்கம் உப்புக்காற்று, முதலில் கேபிளைப் பாருங்கள். பழந்துணியால் சுற்றி முழு நீளத்துக்கும் இழுங்கள், அறுந்த இழை துணியில் கொளுவும். தூக்கும்போது இரண்டு தூணின் பூட்டும் ஒரே நேரத்தில் ‘டக்’ என்று விழ வேண்டும். முன்பின்னாகக் கேட்டால் கேபிள் ஒரு பக்கம் நீண்டிருக்கிறது, இழுவையைச் சமப்படுத்தவோ மாற்றவோ வேண்டும். கைகள் பக்கவாட்டில் திரும்பாமல் பிடிக்கும் பற்பூட்டு தேய்ந்து, பாரம் இல்லாமல் உயர்த்தி வைத்திருக்கும்போது கை தானாகத் திரும்பினால் விலை குறைத்தாலும் வேண்டாம். கடைசியாக, ஒரு வாகனத்தை 3 அடி தூக்கி, பூட்டில் உட்கார வைக்காமல் தூணில் சோக்கட்டியால் கோடு போட்டு, ஒருவரும் கிட்டப் போகாமல் கராஜைப் பூட்டி இரவு விடுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் சிலிண்டர் சீலோ வால்வோ போய்விட்டது. சீல் மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை பேசுங்கள்.