பேரேட்டை எடைக்குப் போடாதீர்கள்: மூதாதையரைத் தேடுவோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரு பெயரை மட்டும் எழுதி ஆளைத் தேடித் தரச் சொல்கின்றன. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடுகிறவர் எந்தக் கோயில் (குலப்பிரிவு), எந்த ஊர், எந்த விலாசம் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன குடும்ப அடையாளம்) என்ற மூன்றையும் எழுதாமல் கேட்டால் என்னால் பதில் சொல்ல இயலாது என்று முன்பும் எழுதியிருக்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்றாவது எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் கொடிவழியில் (வம்சாவளியில்) ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 1911இல் இறந்ததாகக் குறித்துள்ள பாட்டையா 1924இல் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். பத்திரம் போலியா? (கானாடுகாத்தான்)

பத்திரத்தின் மேல் பழி போடாதீர்கள். மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்ற ஐயாவின் பெயரையும், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்ற ஐயாவின் பெயரையும் இடுவது வழக்கம் ஆதலால், ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். அதோடு, ஓர் ஐயாவுக்கு நான்கு மகன்கள் என்றால் நான்கு வீட்டிலும் மூத்த பேரனுக்கு அவர் பெயர்தான். ஒரே ஊரில், ஒரே காலத்தில், அதே பெயரில் நான்கு பேர் நடமாடியிருப்பார்கள். விலாச எழுத்துகளையும், அவரவர் கட்டிய பெண்ணின் பிறந்த ஊரையும் வைத்துத்தான் அவர்களைப் பிரித்தறிய முடியும். உங்களிடம் இருப்பது இருவருடைய வாழ்க்கை. பெயர் ஒன்று என்பதால் ஆளும் ஒன்று என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: ஒரு சாதகக் குறிப்பில் 'தாது வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கிறது. இது 1876ஆ, 1936ஆ? (தேவகோட்டை)

கட்டத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பேன். குருவையும் சனியையும் பார்த்துப் பயனில்லை. 60 ஆண்டில் இரண்டும் ஏறத்தாழ அதே ராசிகளுக்குத் திரும்பிவிடும். ராகுவைப் பாருங்கள். அது சுமார் பதினெட்டரை ஆண்டுக்கு ஒரு முறை சுற்றுவதால், 1876க்கும் 1936க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று ராசி விலகி நிற்கும். பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். குறிப்பில் கலியுக ஆண்டு இருந்தால் 3101ஐக் கழியுங்கள். சாலிவாகன சகாப்தம் இருந்தால் 78ஐக் கூட்டுங்கள். மார்கழியின் பிற்பகுதி முதல் பங்குனி வரையிலான நாட்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதையும் மறக்காதீர்கள்: விஷு வருஷம் 1941 சித்திரையில் பிறந்தது, ஆனால் விஷு தை என்பது 1942.

கேள்வி: நாடி சோதிட ஓலையில் ஏழு தலைமுறைப் பெயர்கள் வந்துள்ளன. கொடிவழியில் சேர்க்கலாமா? (திருப்பத்தூர்)

சேர்க்கக் கூடாது. அது ஆவணம் அன்று.

கேள்வி: இரணியூர்க் கோயிலாருக்கும் பிள்ளையார்பட்டிக் கோயிலாருக்கும் திருமணம் நடந்ததாக எங்கள் கொடிவழி சொல்கிறது. (கோட்டையூர்)

கொடிவழியை ஐயுறுங்கள். அவ்விரு கோயிலாரும் உடன்பிறந்தார் முறை. பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை. படியெடுத்தவர் ஏதோ ஒரு கோயிலின் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறார்.

கேள்வி: ஐயா 1928 வாக்கில் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போனார். பாஸ்போர்ட்டையும் கப்பல் பயணிகள் பட்டியலையும் இரண்டு ஆண்டுகளாகத் தேடுகிறேன். (காரைக்குடி)

இரண்டு ஆண்டுகள் வீணாகிவிட்டனவே என்று வருந்துகிறேன். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். உள்நாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் எதற்கு? தேட வேண்டிய இடம் உங்கள் வீடே. கடையை நடத்தும் மேலாளாகவோ அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகவோ போனவருக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பலேறுவார்கள். சீட்டு கிடைத்தால் போன தேதி, முதலாளியின் விலாசம், சம்பளம் மூன்றும் கிடைத்துவிடும். சீட்டு இல்லையென்றால் பிள்ளைகள் பிறந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். மூன்று மூன்றாண்டு இடைவெளிகள் அவர் ஊரில் இல்லாத காலத்தைக் காட்டும்.

1930களின் விலை வீழ்ச்சியில் கடனை அடைக்க முடியாத உழவர்களின் நிலங்கள் கைமாறி, கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் வசம் வந்தது. 1948க்குப் பிறகு அந்த நிலங்கள் நாட்டுடைமையாயின. அக்காலத்தில் தயாரித்த நிலப் பட்டியல்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஊர், ஏக்கர், பங்குதாரர் பெயர் எல்லாம் உண்டு. 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தவர்களைப் பற்றி எந்தப் பட்டியலிலும் தேடாதீர்கள். வீட்டில் அப்பத்தா இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். சிங்கப்பூர், மலாயா என்றால் நிலைமை வேறு. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் தந்திருக்கும் பழைய செய்தித்தாள்களில் விலாசத்தை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடினால் வழக்கு, ஏலம், இறந்தவர் சொத்து அறிவிப்பு எனப் பல கிடைக்கும்.

கேள்வி: பள்ளத்தூர் வீட்டைப் பங்கு பிரித்து விற்கிறோம். மச்சில் மூன்று மரப்பெட்டி நிறையப் பழைய கணக்கு ஏடுகள் உள்ளன. வெறும் கொடுக்கல் வாங்கல்தான், குடும்ப வரலாறு எதுவும் இல்லை. எழுத்தும் எங்களுக்குப் புரியவில்லை. பத்திரங்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை எடைக்குப் போட்டுவிடலாமா? (சென்னை)

கூடாது. இந்தக் கேள்வி ஆண்டுக்குப் பத்து முறையாவது வருகிறது. ஒவ்வொரு முறையும் கடிதம் என் கைக்கு வருவதற்குள் பெட்டி காலியாகியிருக்குமோ என்ற அச்சத்தோடுதான் பதில் எழுதுகிறேன். எழுத்துப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு, உள்ளே வரலாறு எதுவும் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

என் மேசையில் இப்போது இருக்கும் ஒரு குறிப்பேட்டின் பக்கத்தைச் சொல்கிறேன். தலையில் பிள்ளையார் சுழி, அடுத்து ௵, ௴, ௳ என்ற குறிகளோடு வருடம், மாதம், நாள். பிறகு ௷ என்று வரவு, ௶ என்று பற்று, மேலே சொன்னவருக்கே என்றால் ௸. ஒரு வைகாசியில் 'ஆத்தாளுக்கு மருந்து' என்று ஒரு பற்று. நான்கு நாள் கழித்து 'வைத்தியருக்கு வண்டிச் சத்தம்' (வாடகை) என்று இன்னொன்று. அதற்கடுத்த வாரம் அதே மருந்து இரு மடங்கு தொகைக்கு. பிறகு ஆறு நாட்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. அடுத்து 'கருமாதிச் சாமான்'. ஒரு நாள் விடாமல் கணக்கெழுதிய கை ஆறு நாள் ஓய்ந்திருக்கிறது. அந்த ஆத்தாளின் இறப்பு எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லை, தேடியாயிற்று. அந்தப் பக்கம் ஒன்றுதான் இருக்கிறது. வட்டிக் கணக்குக்கு நடுவில்தான் காசி யாத்திரையும், தேவகோட்டை நீதிமன்றத்துக்குப் போன வண்டிக் கூலியும், பள்ளிக்கூடச் சம்பளமும், பேறுகாலச் செலவும் எழுதப்பட்டிருக்கும். வாழ்க்கையைத் தனியே எழுதி வைக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருக்கவில்லை. செலவை எழுதினார்கள், அதில் வாழ்க்கை முழுவதும் ஏறியிருக்கிறது.

எங்கள் பெரியப்பச்சி வீட்டை விற்றபோது நான் ஊரில் இல்லை. மூன்றாம் நாள் வந்து சேர்ந்தேன். இரும்புப் பெட்டிக்கும் தூணுக்கும் நிலைக்கும் விலை பேசி எழுதி வைத்திருந்தார்கள். ஏடுகள் காகிதக் கடைக்குப் போயிருந்தன. கடைக்காரர் அட்டையைக் கிழித்துத் தனியே போட்டுவிட்டு உள்தாள்களைக் கட்டி வைத்திருந்தார். தோல் அட்டை காகிதத்தோடு எடையில் சேராது, அவர் மேல் குற்றமில்லை. இரண்டு கட்டுகளை மீட்டேன். அட்டையும் முதல் தாளும் போய்விட்டதால் அவை எந்த விலாசத்துக் கணக்கு, எந்த ஊர்க் கடைக் கணக்கு என்பது இன்றுவரை தெரியவில்லை. எழுபது ஆண்டுக் கணக்கில் இரண்டு கட்டு மிஞ்சியது, அதுவும் பெயரில்லாமல். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஏடுகளை அட்டையோடு, இருக்கும் வரிசையிலேயே வையுங்கள். எந்தப் பெட்டியில், எந்த அறையில் இருந்தது என்று சீட்டெழுதிச் சேர்த்து வையுங்கள். முதல் தாளையும் கடைசித் தாளையும் இன்றே படம் எடுங்கள். மற்றவற்றைப் பிறகு எடுக்கலாம். குறிப்பு (நாள்வழிக் கணக்கு), பேரேடு (ஆள்வாரிக் கணக்கு), ஐந்தொகை (இருப்புக் கணக்கு) ஆகியவற்றை ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தமிழ் எண்களுக்கு ஒரு வாரம் போதும்: ௧ 'க' போலவும், ௨ 'உ' போலவும், ௭ 'எ' போலவும், ௮ 'அ' போலவும் இருக்கும், ௰ பத்து, ௱ நூறு. பின்னங்களில் மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவ்வளவு தெரிந்தால் பக்கம் பேசத் தொடங்கிவிடும். வீட்டில் எவருக்கும் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் முழுத் தொகுதியாக ஓர் ஆய்வு நூலகத்துக்குக் கொடுங்கள். நம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் துண்டறிக்கைகளையும்கூடச் சேர்த்து வைத்தார்; அந்தச் சேகரிப்பின் மேல்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. மற்றவர் குப்பை என்றதை அவர் சேர்த்தார்.

கேள்வி: பழைய இசைகுடிமானத் தாள் (திருமண ஒப்பந்தம்) நைந்துவிட்டது. லேமினேஷன் செய்யலாமா? (புதுவயல்)

கூடாது, கூடாது. ஒட்டும் நாடாவும் கூடாது. படம் எடுத்துவிட்டு, அமிலமற்ற தாளுறையில் மடிக்காமல் வையுங்கள்.

கேள்வி: ஒன்பது தலைமுறைக்கு ஆண்கள் பெயர் கிடைத்துவிட்டது. பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. (கோலாலம்பூர்)

கொடிவழியை வரைந்தவர்கள் விட்டுவிட்டார்கள், ஆவணங்கள் விடவில்லை. முதலில் கல்யாண ஏடுகள்: இசைகுடிமானத்தில் இரு வீட்டாரின் ஊரும் கோயிலும் இருக்கும், மொய்ப்பண ஏட்டில் யார் எந்த உறவில் வந்தார்கள் என்பது தெரியும். கல்யாணத்துக்கு இரு வீட்டுக் கோயில்களிலிருந்தும் மாலை வரும் ஆதலால், மாப்பிள்ளை கோயிலோடு நின்றுவிடாமல் பெண்ணின் பிறந்த வீட்டுக் கோயிலிலும் கேளுங்கள். கோயிலின் குடும்பக் கணக்கான புள்ளிக் கணக்கில் தம்பதியரை ஒரு புள்ளியாகக் கொள்வதால் அங்கே பெண்ணின் பெயர் மறைந்திருக்கலாம். அடுத்தது பேரேடு: பெண்ணுக்குக் கொடுத்த பணத்தை அவள் பெயரிலேயே வட்டிக்கு வைக்கும் வழக்கம் இருந்தது, ஆச்சிமார் பணம் என்று தனிப் பற்று வரவே நடக்கும்.

முன்னோருக்குச் செய்யும் படைப்பையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பங்காளிகள் கூடிப் படைக்கும்போது பேழையிலிருந்து எடுத்து வைக்கும் சேலை யாருக்காக என்று மூத்த ஆச்சி ஒருவரைக் கேளுங்கள். எழுத்தில் இல்லாத ஒரு பெயர் பல வீடுகளில் அந்தச் சேலையோடு வந்து சேர்ந்திருக்கிறது.

கேள்வி: 1900 வாக்கிலான நிலவரித் திட்டப் பதிவேடு கேட்டேன், இல்லை என்கிறார்கள். ஏன்? (ஊர் எழுதவில்லை)

ஊரை எழுதாமல் நிலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஊகித்துச் சொல்கிறேன். செட்டிநாட்டு ஊர்கள் பலவும் சிவகங்கை ஜமீனில் இருந்தவை. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் உழவரிடம் அரசே நேராக வரி வாங்கும் ரயத்துவாரித் தீர்வை அங்கே வந்தது. அதற்கு முந்திய காலத்துக்குப் பதிவுப் பத்திரங்களையும் வழக்குத் தீர்ப்புகளையும் தேடுங்கள். பாகப் பிரிவினை வழக்குத் தீர்ப்பில் முழுக் கொடிவழியே கிடைப்பது உண்டு. ஆனால் இராமச்சந்திரபுரம், இராயவரம் போன்ற ஊர்களென்றால் 1948 மார்ச் வரை புதுக்கோட்டைச் சமஸ்தானம். அங்கே ஆவணமும் வேறு, அலுவலகமும் வேறு. பழைய தாளில் 'மதுரை ஜில்லா' என்றிருந்தால் திகைக்க வேண்டாம். இராமநாதபுரம் ஜில்லா 1910இல்தான் பிறந்தது, சிவகங்கை மாவட்டம் 1985இல். அடுத்த கடிதத்தில் ஊரை எழுதுங்கள்.

கேள்வி: ஐயாவின் தந்தை பெயர் ஒரு பத்திரத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருக்கிறது. (நெற்குப்பை)

பிள்ளை கூட்டியிருப்பார்கள், அதாவது தத்து எடுத்திருப்பார்கள். அது குழந்தைப் பருவத்தில்தான் நடந்திருக்கும் என்று கொள்ளாதீர்கள். இரு பத்திரங்களையும் தேதி வாரியாக வைத்து, விலாச எழுத்து எந்த ஆண்டில் மாறுகிறது என்று பாருங்கள். கூட்டிய ஆண்டு அதற்குச் சற்று முன்னே இருக்கும். இரு தந்தையரையும் கொடிவழியில் எழுதுங்கள். பெற்றவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் நகரத்தார் அல்லர். என் தாத்தா ஒரு செட்டியார் கடையில் சமையலாளாகப் பினாங்குக்குப் போனவர். எங்களுக்குக் கோயில் புத்தகமும் இல்லை, விலாசமும் இல்லை. அவரைத் தேட வழி உண்டா? (சாக்கோட்டை)

உண்டு. நான் எல்லோரிடமும் கேட்கும் மூன்று கேள்விகள் உங்களுக்குப் பொருந்தா. அதற்காக உங்கள் தாத்தா ஆவணமின்றிப் போய்விடவில்லை. அவர் இருப்பது கடைக்காரரின் பேரேட்டில். சமையலாளின் சம்பளம், முன்பணம், ஊரில் இருந்த வீட்டாருக்கு அவர் அனுப்பச் சொன்ன தொகை, அதை வாங்கிக்கொண்டவரின் பெயர் எல்லாம் அதில் பற்றாக எழுதப்பட்டிருக்கும். 1926க்குப் பிறகு போனவர் என்றால் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறியிருக்கக்கூடும். கப்பல் சத்தமும் அதே ஏட்டில் அவர் பெயரில் இருக்கும். எந்த வீட்டுச் செட்டியார் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அந்த வீட்டுக்கு நேரில் போய், தாத்தாவின் பெயரையும் போன ஆண்டையும் சொல்லி, பினாங்குக் கடைக் கணக்கு இன்னும் மச்சில் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டை விற்கப் போவதாகப் பேச்சிருந்தால் நாளைக்கே போங்கள்.