‘பொறு’ என்றால் சும்மா இரு என்றா அர்த்தம்?

கேள்வி: என் மகன் அரசு வேலைக்கு இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டிலும் கொஞ்சம் மதிப்பெண்ணில் தவறவிட்டான். “பொறுமையா இருப்பா” என்றால், “இன்னும் எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கிறது?” என்று எரிந்து விழுகிறான். பொறுமையும் விடாமுயற்சியும் ஒன்றா, வேறா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: தங்கச்சி, அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ‘பொறு’ என்பதைக் ‘காத்திரு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பொறை என்றால் பாரம். அதைத் தாங்குவதுதான் பொறுமை. குறளில் பொறையுடைமை 16-வது அதிகாரம், அறத்துப்பால். விடாமுயற்சியைச் சொல்லும் ஆள்வினையுடைமை 62-வது, பொருட்பால். வேறு வேறுதான். ஆனால் ஒன்று இல்லாமல் மற்றது என்ன ஆகும் என்பதைப் பாம்பன் கடலில்தான் நான் பார்த்தேன்.

என் அம்மா கடற்பாசி எடுத்து எங்களை வளர்த்தவர். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குவார். பதினாலு வயதில் நானும் கூடப் போனேன். பாறையில் ஒட்டியிருந்த மரிக்கொழுந்துப் பாசியை அடியோடு பிய்த்துப் பிய்த்துப் பையில் திணித்தேன். பை சீக்கிரம் நிறைந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். “அடிய விட்டுட்டுக் கிள்ளுடி. அடுத்த மாசம் எங்க போயி எடுப்ப?” அவர் கிள்ளிய இடத்தில் நகக்கண் அளவு பாசி நின்றது. என் இடத்தில் வெறும் கல்.

எங்கள் பக்கத்தில் மாதத்துக்கு 12 நாள்தான் பாசிக்கு இறங்குவார்கள். மற்ற நாளில் அது வளரவேண்டும். அந்த நாள்களில் அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை; பை தைப்பார், காயும் பாசியில் கல்லும் சிப்பியும் பொறுக்குவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம் கரைக்குப் போய்ப் பாருங்கள். விசைப்படகுக்காரர்கள் கடன் பாரத்தோடு உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

இந்த வாரம் ஒரு சாயங்காலம் மகனோடு உட்காருங்கள். இரண்டு கேள்வித்தாளையும் விரித்து, எங்கே மதிப்பெண் போனது என்று அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு முறையும் கணக்கில்தான் என்றால், மூன்று மாதம் கணக்கை மட்டும் பிடிக்கட்டும். ராத்திரி முழுக்க விழித்துப் படிக்கிறான் என்றால் அதை நிறுத்துங்கள். அது அடியோடு பிய்க்கிற வேலை. வீட்டுச் செலவை அவன் தலையில் ஏற்றாமல் இன்னும் ஒரு வருடம் உங்களால் தாங்க முடியுமா என்றும் கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பாதி நாள் வேலைக்குப் போய்க்கொண்டும் படிக்கலாம்.